கொக்குப்பூச் சட்டிகள்

கரி பஸ்ஸை இறங்கித் தள்ளியவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேர் மிச்சமிருக்கிறோம் என்று தெரியவில்லை. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, பஸ்ஸின் முதுகில் கரியடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, அந்த பஸ்தான். தென்காசியில் கிளம்பினால் குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை நின்றுவிடும். ஆண்கள் தள்ளுவார்கள். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். எங்களைப் போன்ற வாண்டுகளுக்குக் கொண்டாட்டம். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் கட்டுக்கதை என்கிறார்கள். நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்தக் கரி எந்த மலையை எரித்து வந்தது என்று நாம் யாரும் அப்போது கேட்கவில்லை. என் பெரியப்பா கேட்டார். அதனால் என்ன ஆயிற்று என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா ரங்கூனில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார். அங்கே குண்டு விழுந்த பிறகு கடிதம் நின்றுவிட்டது. நடந்தே வந்து ஊர் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். அப்பா வரவில்லை. அம்மாவும் நானும் தென்காசியில் பெரியப்பா வீட்டோடு இருந்தோம். பெரியப்பா ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள், பிள்ளைகளும் இல்லை.

தம்பி மனைவி மூத்தாரிடம் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் வீடுகளில் கிடையாது. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் நடுவில் ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளை நான். "பெரியப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுட்டி" என்று அம்மா அடுக்களையிலிருந்து சொல்வாள். அவர் காதில் அது நன்றாகவே விழும். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார்.

எல்லாச் சேதியும் சாப்பாட்டுச் சேதியாக இருக்கவில்லை. ஒரு நாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "வருஷம் ஒண்ணு ஆகுது. அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிருவோமான்னு அம்மாகிட்ட கேளு தாயி" என்றார். நான் போய்க் கேட்டேன். அம்மா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "காயிதம் வரலைன்னா ஆளு இல்லைன்னு அர்த்தமான்னு கேளு" என்றாள். அதையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோவதில் எனக்குப் பெருமை. பெரியப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருஷம்தான் அவர்கள் சங்கம் ஆரம்பித்தார்கள். குற்றாலம் மலைச் செடிகளைக் காப்பாற்றுவதற்கு ஒரு சங்கம். பெரியப்பா செயலாளர். தலைவர் வக்கீல் மாமா, அவருக்கு வில்வண்டியும் பெரிய குரலும் இருந்தன. கம்பவுண்டர் மாமாவுக்குப் பதவி எதுவும் இல்லை, ஆனால் எதற்கும் ஒரு மருந்து வைத்திருப்பார். இன்னும் நாலைந்து பேர் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஊரில் இதற்குப் புல்லுச் சங்கம் என்று பேர். சவரம் பண்ண வருகிறவர்கூட, "இன்னைக்கு எந்தப் புல்லுக்குக் கல்யாணம், சார்வாள்?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியைத் தீட்டுவார். பெரியப்பா கோபப்பட மாட்டார். முகத்தில் சோப்பு நுரையோடு அந்தப் புல்லைப் பற்றி அவரிடமே விளக்கிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மலைக்குப் போவார்கள். செடி கொண்டுவர ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதன் மூடியில் முன்னொரு காலத்தில் ஒரு குதிரை வண்டி இருந்தது, எனக்கு நினைவு தெரியும்போது குதிரையின் கால்கள் மட்டும்தான் மிச்சம். திறந்தால் ஈர மண்ணும் பழைய பிஸ்கட்டும் கலந்த ஒரு வாசம் வரும். கையைத் துடைத்த பின்பும் அந்த வாசம் விரல்களில் இருக்கும். அந்த டப்பா எங்கே போனதென்று பிற்பாடு எவ்வளவோ தேடினேன்.

பெரியப்பா செடியைப் பிடுங்க மாட்டார். அதுதான் அவருடைய கொள்கை. அது இருக்கிற இடத்தில் சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து படம் போடுவார். அவர் அதிகம் போட்ட படம் கொக்குப்பூ. ஐந்தருவிக்கு மேற்கே ஒரு சரிவில் பாறைக்கும் புல்லுக்கும் நடுவில் இருந்தது. மூன்று நாலு இலை, நடுவில் ஒரு தண்டு, அதில் வெள்ளைப் பூ. கொக்கு சிறகை விரித்து இறங்குகிற மாதிரியே இருக்கும். விறகு எடுக்கப் போகிற பெண்கள்தான் அதற்கு அப்படிப் பேர் வைத்திருந்தார்கள். வேறெங்கும் அவர் அதைப் பார்த்ததில்லை. அவருடைய படங்களில் இலையும் தண்டும் பூவும் மயிரிழை பிசகாமல் இருக்கும். மண்ணைத் தொட்டதும் கோடு நின்றுவிடும்.

ஆனி மாதம் விறகுக்கார அக்கா ஒருத்தி வாசலில் கட்டை இறக்கிவிட்டுச் சொன்னாள். "சார், நீங்க படம் போடுத பூ இருக்குல்லா, அந்தச் சரிவுல கரிமூட்டம் போடப் போறாவளாம். குத்தகைக்கு விட்டாச்சு. அங்கன மரமெல்லாம் வெட்டிக்கிட்டு இருக்காவ."

வக்கீல் மாமா மனு எழுதினார். யுத்த காலத்தில் கரி அவசியம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அன்றைக்கே கூட்டம் கூடினார்கள். கடைசியில் பெரியப்பாதான் சொன்னார்: "அங்கன இருந்தா எரிஞ்சு போவும். எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து இங்கன வச்சுக் காப்பாத்துவோம். யுத்தம் முடிஞ்சதும் கொண்டுபோய் நட்டிருவோம்." கேட்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. உங்களுக்கும் சிலிர்த்திருக்கும். அதில் தவறு எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

எடுக்கப் போன அன்று என்னையும் கூட்டிப்போனார்கள். அட்டைக்குப் பயந்து காலெல்லாம் புகையிலைச் சாறு பூசிவிட்டார்கள். சாரல் விடாமல் பெய்தது. விறகுக்காரப் பெண்கள் முன்னால் போய்ச் செடிகளைக் காட்டினார்கள். பெரியப்பா ஒவ்வொன்றையும் சுற்றி அகலமாகத் தோண்டி மண்கட்டியோடு தூக்கி, சட்டியில் இறக்கினார். "வேரு ஒரு நூல்கூடக் கண்ணுல படக் கூடாது வே. காத்துப் பட்டா வாடிப் போவும்" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியே செய்தார்கள். மண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று ஒருவரும் பார்க்கவில்லை. அவ்வளவு கவனம்.

"ஒண்ணு கூட விட்டுறாதீக" என்றார் பெரியப்பா. என் கண் கூர்மை என்பதால் என்னை விட்டுத் தேடச் சொன்னார். நான் பாறையடிகளில் தவழ்ந்து, இரண்டே இலை விட்ட ஒரு குட்டிச் செடியைக் கண்டுபிடித்தேன். அதுதான் கடைசி. வக்கீல் மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். பெரியப்பா அதைத் தனிச் சட்டியில் வைத்து, "இது தாயி கண்டுபிடிச்சது" என்று என் கையில் கொடுத்தார். கீழே இறங்கும்போது மழையில் அந்தச் சட்டியை என் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வந்தேன்.

நாற்பது சட்டிகள் போல இருக்கும். கிணற்றடியில் வரிசையாக அடுக்கினோம். ஆவணியில் அவ்வளவும் பூத்துவிட்டன. சவரம் பண்ணுகிறவர் உள்பட ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. "புல்லுச் சங்கம்னு சொன்னோமே" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் போன பிறகு அம்மா வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்ப்பாள். ரங்கூனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவள் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். பெரியப்பா கிணற்றடிப் பக்கம் வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

தண்ணீர் ஊற்றும் வேலை என்னுடையது. பித்தளைப் பூவாளி ஒன்று இருந்தது. பாதி நிரப்பினால்தான் எனக்குத் தூக்க முடியும். ஐப்பசி மழையில் வேலை இல்லை. கார்த்திகையில் மழை விட்டதும் இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. பெரியப்பா பதறிப்போய், காலையும் மாலையும் ஊற்றச் சொன்னார். நான் ஊற்றவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் ஊற்றினேன். பிறகு தெருவில் பாண்டி விளையாடும் நேரமும் அதுவும் ஒன்றாக வந்தது. பூவாளியை நனைத்து, காலடியில் கொஞ்சம் கொட்டி, ஈரம் காட்டிவிட்டு ஓடிவிடுவேன். "ஊத்தியாச்சா தாயி?" என்று கேட்பார். "ஊத்தியாச்சு பெரியப்பா" என்பேன்.

மார்கழியில் எல்லாம் காய்ந்துவிட்டது. தண்டு தொட்டால் உதிர்ந்தது. சட்டிகளில் வெறும் மண். பெரியப்பா தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய் நிற்பார். செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருப்பேன். நான்தான் அவற்றைக் கொன்றேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். முன்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பவுண்டர் மாமா கையில் கொஞ்சம் மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மண்ணுல கிருமி இருக்கு அண்ணாச்சி. எல்லாம் ஒண்ணு போலச் செத்திருக்கு பாருங்க. கொதிக்கக் கொதிக்க வெந்நிய ஊத்தினாத்தான் சாவும். இல்லேன்னா மத்த செடிக்கும் தொத்திரும்" என்றார். வக்கீல் மாமா பெரியப்பாவைப் பார்த்தார். "என்ன வே சொல்லுதீரு?" பெரியப்பா தலையை ஆட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அண்டா நிறைய வெந்நி போடச் சொல்லு தாயி. எதுக்குன்னு கேட்டா, செத்த செடிச் சட்டிய சுத்தம் பண்ணன்னு சொல்லு" என்றார்.

அடுக்களையில் அம்மா பொங்கலுக்கு வந்த சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலெடுத்துக்கொண்டிருந்தாள். சேதியைச் சொன்னதும் அவள் கை நின்றது.

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா?"

"எல்லாம் காஞ்சு போச்சும்மா."

அம்மா ஒரு கிழங்கை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கொடி காஞ்சாத்தானே இதை வெட்டுதோம்? காஞ்சதெல்லாம் செத்ததாட்டி? அடியில கிழங்கு கிடக்கும். சாரல் வந்தா முளைக்கும். ஒரு சட்டியக் கவுத்துப் பாக்கச் சொல்லு, போ. அம்மா சொன்னான்னு சொல்லு. ஓடு."

நான் ஓடினேன். முன்கூடத்து நிலைப்படி வரைக்கும் ஓடினேன். ஏழெட்டு ஆண்கள் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தில் என் புத்தியில் ஓடியது இதுதான்: சட்டியைக் கவிழ்த்தால் மண் காய்ந்து கிடப்பது தெரிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வெந்நீர் ஊற்றிவிட்டால் எல்லாம் நனைந்துவிடும். பிறகு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

"என்ன தாயி?" என்றார் பெரியப்பா.

"காப்பி கொண்டுவரட்டுமான்னு அம்மா கேக்கச் சொன்னாக" என்றேன்.

திரும்பி அடுக்களைக்கு வந்தேன். அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"வெந்நி போடச் சொன்னாக."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நெல் அவிக்கிற அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து கொல்லையில் இருந்த கோட்டையடுப்பில் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, தீ மூட்டினாள். அவள் கையாலேயே மூட்டினாள். விறகு ஈரம். புகையில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புகையினால் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கம்பவுண்டர் மாமாவும் இன்னொருவரும் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். சட்டிகளிலிருந்து ஆவி கிளம்பியது. முதலில் வெறும் மண்வாசம்தான். கடைசி வரிசைக்கு வரும்போது வேறொரு வாசம் எழுந்தது. பொங்கல் அன்று நம் வீடுகளில் வருமே, அதே வாசம். சிறுகிழங்கு அவிகிற வாசம். வக்கீல் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உள்ள இப்பவே பொங்கல் சமையலா?" என்று சிரித்தார். அடுக்களையில் அடுப்பே எரியவில்லை. எரிந்தது அண்டாவுக்கு மட்டும்தான்.

பெரியப்பா சிரிக்கவில்லை. வரிசையோரம் இருந்த சின்னச் சட்டியை எடுத்தார். என்னுடைய சட்டி. தரையில் கவிழ்த்தார். ஆவி பறக்கிற மண்ணை வெறுங்கையால் விலக்கினார். உள்ளே இரண்டு கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று சுருங்கிப்போன பழசு. இன்னொன்று புதுசு, என் கட்டைவிரல் பருமன், உருண்டு திரண்டு, தலையில் வெள்ளையாக ஒரு முளையோடு. அடுத்த சாரலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. பெரியப்பா விரலால் தொட்டார். வெந்த கிழங்கு நசுங்குகிற மாதிரி நசுங்கியது.

இன்னொரு சட்டியைக் கவிழ்த்தார். பிறகு இன்னொன்று. எல்லாவற்றிலும் அப்படியே இருந்தது. ஒன்றுகூட அழுகவில்லை. பெரியப்பா சொன்னபடி நான் இரண்டு வேளையும் ஊற்றியிருந்தால் கார்த்திகையிலேயே அழுகியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. என் சோம்பல்தான் அவற்றை அதுவரை உயிரோடு வைத்திருந்தது. எவ்வளவு வேடிக்கை பாருங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அம்மா வெளியே வந்தாள். இத்தனை ஆண்கள் நிற்கிற இடத்துக்கு, தலைமுந்தானைகூடச் சரியாக இல்லாமல், நேராகப் பெரியப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசியது அன்று ஒரே தடவைதான்.

"ஒரு சட்டியக் கவுத்துப் பாருங்கன்னு பிள்ளைகிட்ட சொல்லி அனுப்பினேனே. கேட்டீகளா? இந்த வீட்டுல எல்லாத்தையும் செத்துட்டுன்னு முடிவு கட்டிருதீக."

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறந்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கிணற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. என் பயம் முழுவதையும் அவர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். மண் அப்பின கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"ஆமா. பிள்ளை வந்து சொன்னா. நான்தான் காதுல வாங்கலை" என்றார்.

நிலைப்படியில் நான் காப்பி கேட்டதை மற்றவர்களும் கேட்டுத்தான் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வக்கீல் மாமா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். சங்கத்து நோட்டில் செடிகள் நோயால் அழிந்தன என்று எழுதினார்களாம்.

அடுத்த சாரலில் பெரியப்பா தனியாக மலையேறினார். சரிவு முழுவதும் கரித்தூள், நடுநடுவே மூட்டம் போட்ட வட்டங்கள். ஒன்று கூட விடக் கூடாது என்று நாங்கள் எடுத்ததில் உண்மையாகவே ஒன்றும் விடவில்லை. சுற்றியிருந்த சரிவுகளிலும் இரண்டு வருஷம் தேடினார். வேறெங்காவது இருந்திருக்கலாம். அவர் கண்ணில் படவில்லை. சங்கம் அவர் இல்லாமல் கொஞ்ச நாள் நடந்து, பிறகு நின்றுபோனது. அவர் அதற்குப் பிறகு செடி எதையும் வரையவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடமும் பெட்டியும் வரையச் சொல்லிக்கொடுத்தார்.

அம்மா அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள். ஒரு நாளும் குறை வைக்கவில்லை. ஆனால் அவருக்காக என்னிடம் ஒரு சேதியும் சொல்லி அனுப்பவில்லை. இலையைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை நங்கென்று வைப்பாள், அந்தச் சத்தம்தான் அழைப்பு. பதினாறு வருஷம் அந்தச் சத்தத்துக்கு எழுந்து வந்து உட்கார்ந்தார். என்னிடம் அவர் ஏன் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்பார் கேட்பார் என்று காத்திருந்தேன். என் கல்யாணத்தன்று ஆசீர்வாதம் பண்ணும்போதுகூடக் காத்திருந்தேன். "நல்லா இரு தாயி" என்று மட்டும் சொன்னார். அவர் போனபோது அம்மா அழவில்லை. ஊர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது. அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அப்பாவும் வரவில்லை. அம்மா கடைசி வரைக்கும் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எண்பது தாண்டி, படுக்கையில் கிடந்தபோது ஒரு தைப்பொங்கல் வந்தது. என் மருமகள் அடுக்களையில் சிறுகிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். வாசம் அறைக்குள் வந்தது. நான் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனேன். அம்மா கண்ணை மூடியபடியே என் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்கு உங்க பெரியப்பாகிட்ட நான் சொன்ன மாதிரியே சொன்னேல்லாட்டி?"

பெரியப்பா போய் முப்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. இனி யாருக்கும் நான் பயப்பட வேண்டியதில்லை.

"சொன்னேம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.